நடுங்கும் வரை

கரும்பு வெட்டிவிட்டு வந்தவனைத் தண்ணீர் தொடாதே என்று சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கும் மனசு வராது. லாலிங் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. கொல்லையில் இருந்த தண்ணீர் டிரம்மின் மூடிமேல் ஏறி உட்கார்ந்தும் கொண்டாள்.

எதிரே அவள் புருஷன் சாந்தோ நின்றான். முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துணி, மேலெல்லாம் எரிந்த கரும்புச் சோகையின் கரி. அந்தக் கரியில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

“எந்திரி இந்தாய். உடம்பு நெருப்பா எரியுது. ஒரே ஒரு வாளி,” என்றான். இந்தாய் என்றால் பெண்களைச் செல்லமாகக் கூப்பிடுவது.

“சூடு ஆறட்டும். ஆறினப்புறம் வெந்நி வச்சுத் தர்றேன்.”

“எனக்கு ஆறவே மாட்டேங்குது. அதுதானே சங்கதி.”

“மொதல்ல உன் கையப் பாருய்யா.”

அவன் கைகளை நீட்டிப் பார்த்தான். ஆலைக்குப் போகிற லாரி வீட்டைக் கடக்கும்போது கூரைத் தகரம் அதிருமே, அப்படி விரல் பத்தும் அதிர்ந்துகொண்டிருந்தன. உள்ளங்கையிலிருந்து வியர்வை சொட்டியது. சட்டென்று கைகளைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டான்.

அது பஸ்மா என்பதில் அந்தத் தோட்டத்தில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. வெயிலில் வெந்த நரம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நரம்பு சுண்டிக்கொள்ளும். கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், கால் தொய்யும். நீக்ரோஸ் தீவில் கத்தி பிடித்த கை எல்லாவற்றுக்கும் எப்போதாவது வந்து போகிற சங்கதிதான். அதனால்தான் வேலை முடிந்து வருகிறவர்கள் உடனே கைகூடக் கழுவ மாட்டார்கள். கரியும் பிசினுமாகவே உட்கார்ந்து, உடம்பு தணிந்த பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் போவார்கள். சாந்தோ மட்டும் இந்த வெட்டுப் பருவம் முழுக்க, வந்ததும் வராததுமாய் டிரம்மில் தலையைக் கவிழ்த்தான். ஜனவரிக் காலையில் மற்றவர்கள் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நிற்க, அவனுக்குப் பிடரியில் வேர்த்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டதால்தான் நடுங்குகிறான் என்று ஊர் சொன்னது. உடம்பு எரிந்ததால்தானே ஊற்றினான் என்று யாரும் திருப்பி யோசிக்கவில்லை. லாலிங்கும் யோசிக்கவில்லை.

விடிந்ததும் போகிற முதல் மூத்திரத்தில் கையை நனைத்தால் பஸ்மா விடும் என்று அவன் அம்மா சென்சியா சொன்னாள். அதையும் செய்தான். விஷயம் எப்படியோ வெட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டது.

“சாந்தோ, அந்தக் கையால எனக்கு சிகரெட் நீட்டாத சாமி,” என்றான் ஒருத்தன்.

“நம்ம தோட்டத்துக் கரும்பு இந்த வருஷம் உப்புக் கரிக்குதுன்னு ஆலையில பேசிக்கிறாங்களாம்,” என்றான் இன்னொருத்தன்.

கூட்டமே சிரித்தது. முன்பெல்லாம் சாந்தோதான் முதலில் சிரிப்பான். அன்றைக்குக் கத்தியைத் தரையில் வீசிவிட்டுச் சண்டைக்குப் போனான். அண்ணன் கார்ப்போ நடுவில் புகுந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். “என்னடா இது, உடம்பா அடுப்பா? தொட முடியல,” என்றான்.

வீட்டிலும் அப்படித்தான். கருவாடு சரியாகப் பொரியவில்லை என்று தட்டைச் சுவரில் எறிந்தான். எறிந்துவிட்டு, சிதறின சோற்றைக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றான். பசி அப்படிப்பட்ட பசி. மூன்று ஆள் சோற்றைத் தின்றான். தின்றதெல்லாம் எங்கே போயிற்றோ, விலா எலும்பை எண்ணலாம் போல ஆனான். கழுத்து மட்டும் பருத்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் மேல் பொத்தான் மாட்ட மறுத்தது. கண் இரண்டும் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி வெளியே வந்து நின்றன. படுக்கையில் அவன் முதுகில் கை வைத்தால், உள்ளே எவனோ துரத்தப்பட்டு ஓடுகிற மாதிரி இருந்தது லாலிங்குக்கு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அவளைப் பயமுறுத்தியது பலகைதான்.

வெட்டின கரும்பைக் கட்டி, கட்டைத் தோளில் போட்டு, லாரிக்குச் சாய்த்து வைத்த ஒற்றைப் பலகையில் ஏற வேண்டும். ஆள் ஏற ஏறப் பலகை தொய்யும். அதன் ஆட்டத்தோடு ஆடி ஏறத் தெரிந்தவன்தான் சுமையாள். கண்ணை மூடிக்கொண்டு ஏறுவான் சாந்தோ. அதைப் பார்த்துத்தான் லாலிங் அவனைக் கட்டிக்கொண்டாள். அதே பலகையில் போன வாரம் தொடை இரண்டும் மடங்கி, கரும்புக் கட்டோடு கீழே விழுந்தான். கங்காணி தீர்சோ வந்து பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை விழுந்தேன்னா பொம்பளைங்களோட களை பிடுங்கப் போயிடு. என் ஆளுங்க தலையில நீ விழ வேணாம்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு லாலிங் மனசுக்குள் முடிவு கட்டினாள். தண்ணீரை நிறுத்த வேண்டும். உடம்பைத் தேற்ற வேண்டும். பருவம் முடிந்து ஆலை மூடுவதற்குள் அவனை மறுபடி அந்தப் பலகையில் ஏற்றிவிட வேண்டும்.

*

கார்ப்போ வீட்டுக் குழந்தைக்கு அந்தச் சனிக்கிழமை ஞானஸ்நானம். பன்றி சுட்டார்கள். மூங்கில் மேசையில் வாழையிலையைப் பரப்பி, சோற்றை மலையாகக் குவித்தார்கள். காலையில் கரும்பேற்றிவிட்டு நேராக வந்த சாந்தோ தின்னத் தொடங்கினான். லாலிங் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டே இருந்தாள்.

“உன் புருஷன் திங்கறதப் பாத்தா எங்க பன்னிக்கே பயம் வந்திருக்கும், இந்தாய். நல்ல வேளை, முன்னாடியே செத்துப் போச்சு,” என்றான் கார்ப்போ.

“கண்ணு வைக்காதீங்க நோங். திங்கட்டும். சதை பிடிக்கட்டும்,” என்றாள் லாலிங், புருஷனின் அண்ணனை நோங் என்று முறை வைத்து.

சென்சியா மகனுக்கென்று தனியாக பிகோ கிண்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒட்டரிசியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, கருப்புச் சர்க்கரையைப் போட்டு, எண்ணெய் பிரிகிறவரை கிண்டி இறக்கின பிகோ. ஒரு துண்டு தின்றவனுக்கு மறு துண்டு கேட்க வாய் வராது. சாந்தோ தட்டையே பக்கத்தில் வைத்துக்கொண்டான். கை நடுக்கத்தில் கரண்டி தட்டில் தாளம் போட்டது. அதைப் பார்த்துச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டிப் பாடினார்கள். அவனும் சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததைப் பார்த்து லாலிங் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, லாலிங் அடுப்படியில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது.

“இந்தாய், என் கால்மேல ஏன் உக்காந்திருக்கே? எந்திரி.”

அவள் அடுப்பை விட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே ஓடினாள். அவன் மல்லாந்து கிடந்தான். கால்மேல் ஒன்றும் இல்லை. போர்வைகூட இல்லை.

“விளையாடாதய்யா. எந்திரி, பூசைக்கு நேரமாச்சு.”

“யாரு விளையாடறா? கால் வரமாட்டேங்குது.”

அவள் ஒரு காலைத் தூக்கினாள். வெட்டிப் போட்ட கரும்பு மாதிரி கனத்தது. விட்டாள். தொப்பென்று விழுந்தது. “தொடறது தெரியுதா?” “தெரியுது. கிள்ளினாலும் தெரியுது. ஆனா என்னுது மாதிரி இல்ல.” மற்றக் காலையும் தூக்கிவிட்டாள். அதுவும் விழுந்தது.

செய்தி கேட்டு ஓடி வந்த கார்ப்போ வாசலில் நின்று, “நேத்து எவ்வளவு ரம் குடிச்சே?” என்றான்.

“ஒரு சொட்டு குடிக்கல நோங். உன் பிள்ளைமேல சத்தியம்.”

“என் பிள்ளைய விட்டுடு,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன், தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்ததும் பாயோரம் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

சென்சியா மட்டும் கலங்கவில்லை. “பஸ்மா இறங்கிக் காலுக்கு வந்திருக்கு. பலவீனம். பாரு எப்படி உலர்ந்து கிடக்கான்,” என்று சொல்லி, இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, அதில் சர்க்கரையைக் கை கையாக அள்ளிப் போட்டுக் கலக்கினாள். பாகு மாதிரி இருந்தது. லாலிங் அவன் தலையை மடியில் ஏந்தி ஊட்டினாள். குடித்து முடித்தபோது அவனால் இடுப்பையும் அசைக்க முடியவில்லை.

*

கார்ப்போ மோட்டார் சைக்கிளோடு பக்கத் தொட்டி சேர்த்த ட்ரைசிகிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். சாந்தோவை மடக்கி, பக்கத் தொட்டியில் லாலிங்கின் மடிமேல் உட்காரவைத்தார்கள். கால்கள் வெளியே தொங்கி, மண் ரோட்டில் செருப்பில்லாமல் இழுபட்டன. கார்ப்போ ஓடுகிற வண்டியிலிருந்தே குனிந்து அவற்றைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

சின்ன ஊரின் சின்ன மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை. ஒரு நர்ஸ் இருந்தாள், ஜொவ்லின் என்று பெயர், வேலைக்குப் புதுசு. நாடி பார்த்தாள். முகம் சுளித்து மறுபடி பார்த்தாள். “ரொம்ப வேகமா ஓடுதே. டாக்டருக்குப் போன் பண்றேன். அவர் வரட்டும்,” என்றாள்.

“எப்ப வருவார்?”

“ஊருக்குப் போயிருக்கார். எடுத்தார்னா கேக்கறேன்.”

எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். கட்டிலில் சாந்தோ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். லாலிங்குக்குப் பொறுக்கவில்லை.

“மேம், ஒரு டெக்ஸ்ட்ரோஸ் போடுங்க.”

நம் ஜனங்களுக்கு அந்தக் குளுக்கோஸ் பாட்டில் தொங்க வேண்டும். பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று அர்த்தம். காய்ச்சலா, டெக்ஸ்ட்ரோஸ். வயிற்றுப்போக்கா, டெக்ஸ்ட்ரோஸ். கடைசி மூச்சு இழுக்கிறவனுக்கும் ஒரு பாட்டில் தொங்கவிட்டுத்தான் அனுப்பிவைப்போம். ‘டெக்ஸ்ட்ரோஸ்கூடப் போடாமச் சாகவிட்டா’ என்பதைவிடக் கேவலமான பேச்சு ஒரு பெண்டாட்டிக்கு இல்லை.

“என்னன்னு தெரியாம எப்படிம்மா போடறது?” என்றாள் நர்ஸ்.

“தெம்பு இல்ல, மேம். பாத்தா தெரியலயா? நாங்க தோட்டத்து ஆளுங்கன்னுதானே யோசிக்கிறீங்க? கங்காணி வீட்டு ஆளா இருந்தா இந்நேரம் ரெண்டு பாட்டில் ஏறியிருக்காதா?”

“அப்படி இல்லம்மா…”

“அப்ப போடுங்க!” என்று கத்தினாள் லாலிங். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸின் காது சிவந்துவிட்டது. சின்னப் பெண். எத்தனை நேரம் தாங்குவாள்? பாட்டிலை எடுத்துத் தொங்கவிட்டாள்.

சொட்டு விழத் தொடங்கியதும் லாலிங்குக்கு உயிர் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார்ப்போகூட லேசாகி, “பார்த்துடா, இது முழுக்கச் சர்க்கரைத் தண்ணி. நாம வெட்டின கரும்பு நமக்கே திரும்பி வருது. ஆலைக்காரன் பார்த்தான்னா பாட்டிலக் கழட்டிக்கிட்டுப் போயிடுவான்,” என்றான். சாந்தோ வாயோரம் சிரித்தான்.

பாட்டில் பாதி இறங்கியிருக்கும். லாலிங் அவன் கையைப் பார்த்தாள். மார்மேல் கிடந்த கை நடுங்கவில்லை. மாதக் கணக்காக, தூக்கத்தில்கூட ஓயாத கை, ஆடாமல் அசையாமல் பூப்போல இருந்தது.

“நோங்! இங்க பாருங்க! நடுக்கம் நின்னுடுச்சு!”

கார்ப்போ குனிந்து பார்த்தான். “அட ஆமா!”

“மேம், மேம்! வந்து பாருங்க! நான் சொன்னேன்ல? நின்னே போச்சு!” அவள் அழுதாள், சிரித்தாள், அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுத்தாள். கையை விட்டாள். அது கட்டில் விளிம்பில் இடித்து, கீழே தொங்கி, அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

“தூக்குய்யா. கையத் தூக்கு.”

சாந்தோ அவளைப் பார்த்தான். பிதுங்கி நிற்கிற அந்தக் கண்கள் இன்னும் பெரிதாகின. “முடியல,” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நெஞ்சு… தடுக்குது… தடுக்கித் தடுக்கி…” அதற்குமேல் சொல்ல மூச்சு போதவில்லை. தொண்டையில் சளி கரகரத்தது. இருமிக் காறக்கூட அவனுக்குப் பலம் இல்லை.

லாலிங் பாட்டிலைப் பார்த்தாள். பாட்டில் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. “இன்னும் வேகமா விடுங்க மேம், இன்னும் வேகமா,” என்று அவள் கெஞ்சியதை அதற்கப்புறம் எத்தனையோ நாள் நினைத்து நினைத்துத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

நர்ஸ் இந்தத் தடவை அவள் பேச்சைக் கேட்கவில்லை. நாடியைத் தொட்டாள், ஊசியைப் பிடுங்கினாள், ஆம்புலன்ஸுக்கு ஓடினாள்.

*

பகோலோத் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். தலைமுடியைப் பென்சிலால் செருகிக் கொண்டை போட்டிருந்தாள். ரத்தம் எடுத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, அந்தத் திரையில் கோடு கோணல்மாணலாகத் துள்ளுவதைப் பார்த்து, ஓடி ஓடி வேலை செய்தார்கள். லாலிங்கை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவில் இருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியாக அவனுடைய உள்ளங்கால் மட்டும் தெரிந்தது. ரோட்டு மண் ஒட்டின உள்ளங்கால். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அந்தக் காலின் கட்டைவிரல் ஆடியது. விளக்கு வைப்பதற்குள் முழங்காலை மடக்கினான். மறுநாள் எழுந்து, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி கக்கூசுக்கு நடந்து போனான். கை பழையபடி நடுங்கியது.

டாக்டர் லாலிங்கை உட்காரவைத்துச் சொன்னாள். “தொண்டையில தைராய்டுன்னு ஒரு சுரப்பிம்மா. இவருக்கு அது நிக்காத ஆலை மாதிரி ராப்பகலா ஓடுது. அதனாலதான் உடம்பு எரியுது, கை நடுங்குது, திங்கறதெல்லாம் கரைஞ்சு போகுது.”

“பஸ்மா இல்லையா, டாக்டர்?”

“இல்ல. அவர் குளிச்சதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

லாலிங்குக்கு அந்த டிரம் மூடி ஞாபகம் வந்தது.

“ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ஓடுது. கால் அசையவும் அது வேணும், நெஞ்சு ஒழுங்கா அடிக்கவும் அது வேணும். இந்த நோய் முத்தின சில ஆம்பளைங்களுக்கு, நல்லா வேலை செஞ்சு, வயிறு முட்டச் சோறும் இனிப்பும் தின்னுட்டுப் படுத்தா, அந்த உப்பு ரத்தத்தை விட்டுட்டுத் தசைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். அப்ப கால் விழுந்துடும். அந்த நேரத்துல மேல மேல சர்க்கரை ஏத்தினா, இருக்கற கொஞ்சமும் போயிடும்.” டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். “டெக்ஸ்ட்ரோஸ் யார் போடச் சொன்னது?”

“நான்தான்.”

டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது லாலிங்குக்கு.

“அது ஏறினதும் நடுக்கம் நின்னுச்சே, டாக்டர். நான் குணமாயிடுச்சுன்னு…”

“நடுங்கறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணும்மா. கையும் விழுந்துடுச்சு, அதான் நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா நெஞ்சும் நின்னிருக்கும்.”

மாத்திரைகள் கொடுத்தார்கள். சுரப்பியை அடக்க ஒன்று, நெஞ்சுப் படபடப்புக்கு ஒன்று. அடங்க மாதங்கள் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, வயிறு முட்டத் தின்னக் கூடாது, இனிப்பு ஆகாது. மறுபடி கால் விழுந்தால் கரைத்துக் கொடுக்க அந்தப் பொட்டாசிய உப்பு மாத்திரை தனியாக. “கொடுத்துட்டு உடனே இங்க கொண்டு வரணும். வர்ற வரைக்கும் வேற எதுவும் வாயில ஊத்தாதீங்க. யார் சொன்னாலும்,” என்றாள் டாக்டர்.

*

யாரும் நம்பவில்லை. ஊர் எப்படி நம்பும்? காலையில் முடமாய்க் கிடந்தவன் மறுநாள் லாரியிலிருந்து குதித்து நடந்து வருகிறான். இப்படி வந்து போகிற முடத்தை யார் கண்டார்கள்?

“வேலைக்குப் பயந்தவனுக்கு வர்ற வாதம் இது,” என்றான் கங்காணி தீர்சோ. “ஞாயித்துக்கிழமை விழுந்தா திங்கக்கிழமை வேலைக்கு வர வேணாம், பாரு.”

அதைவிட, சாந்தோவே நம்பவில்லை என்பதுதான் லாலிங்குக்குத் தாங்கவில்லை. டிரம்மில் தண்ணீர் நிரப்பி மூடியைத் திறந்தே வைத்தாள். அவன் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, “பாத்தியா, இப்பத்தான் நீ பெண்டாட்டி,” என்றான். மாத்திரையை ஒழுங்காகத்தான் விழுங்கினான். ஆனால் சோற்றுத் தட்டை வைத்தால் முகம் மாறும்.

“இது எனக்கா, பூனைக்கா?”

“டாக்டர் சொன்னாங்கல்ல.”

“டாக்டர் கரும்பு வெட்டறாளா? பசிக்குது இந்தாய். உள்ள ஒரு மிருகம் இருந்துக்கிட்டுப் பிறாண்டுது.”

ஆலை மூடப்போகிறது என்று வந்த வாரம், தோட்டமெங்கும் சோகையைக் கொளுத்தினார்கள். எரித்த கரும்பை நிறுத்திவைக்க முடியாது, உடனே வெட்டியாக வேண்டும். ஆள் போதவில்லை. விடியலில் லாரியின் ஹாரன் கேட்டது. லாலிங் கண் விழித்தபோது சாந்தோ தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தான்.

“வேணாய்யா.”

“வெட்ட மட்டும்தான். தூக்க மாட்டேன்.”

“உன் கால்ல விழறேன்.”

“விழாத. அந்தக் கால் நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினான். அவள் சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனான். நடக்கிற ஆம்பளையை நோயாளி என்று சொல்லி எந்தக் கயிற்றால் கட்டிவைப்பது? லாரி போன பிறகும் புழுதி அடங்குகிறவரை அவள் அங்கேயே நின்றாள்.

அவன் தூக்கினான் என்று பிறகு கார்ப்போ சொன்னான். கட்டைத் தோளில் வைத்துப் பலகையில் ஆடாமல் ஏறினானாம். கூட்டம் கைதட்டியதாம். தீர்சோவே தோளில் தட்டிக்கொடுத்தானாம். திரும்புகிற வழியில் அம்மா வீட்டில் நுழைந்திருக்கிறான். சென்சியா மகன் வேலைக்குப் போய்விட்டான் என்கிற சந்தோஷத்தில் ஒரு சட்டிச் சோறும் பிகோவும் வைத்திருக்கிறாள். லாலிங் வைத்த தட்டை அன்றைக்கு அவன் குறை சொல்லவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விடிந்ததும் அவளே முதலில் எழுந்து, தினமும் செய்கிற மாதிரி, அவன் கால் கட்டைவிரலைத் தொட்டாள்.

“ஆட்டு.”

விரல் ஆடவில்லை. பார்த்தாள். விழித்துக்கொண்டுதான் கிடந்தான்.

“கத்தாத இந்தாய்,” என்றான் மெல்ல. “அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

அவள் கத்தவில்லை. உப்பு மாத்திரையைக் கரைத்தாள். வாயைக் கோணினான், குடித்தான். பிறகு கார்ப்போ வீட்டுக்கு ஓடினாள். அவன் சட்டையைக்கூடப் போடாமல் போனும் கையுமாகக் கிளம்பினான். ஆம்புலன்ஸ் வேறொரு கேசுக்கு மலைப்பக்கம் போயிருந்தது. ட்ரைசிகிளில் பகோலோத் போய்ச் சேர முடியாது. இருக்கிற லாரி எல்லாம் கடைசிக் கரும்போடு ஆலை வாசலில் வரிசையில் நின்றன. வரிசையில் நிற்கிற லாரியை எந்த டிரைவர் வெளியே எடுப்பான்? “எவன் கால்லயாவது விழுந்து கொண்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டுக் கார்ப்போ மோட்டார் சைக்கிளில் போனான்.

லாலிங் திரும்பி வந்து சாந்தோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செய்ய வேண்டியது எல்லாம் செய்தாகிவிட்டது. இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. வேலை செய்தே வளர்ந்த உடம்பு. நோய் என்றால் எதையாவது கொதிக்கவைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், ஊட்ட வேண்டும். சும்மா உட்கார அதற்குத் தெரியாது.

சென்சியாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பாத்திரத்தில் ஆவி பறக்கச் சர்க்கரைக் கஞ்சியோடு வந்தாள். பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர். லாலிங் எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“வழி விடு.”

“குடுக்கக் கூடாது அத்தை. டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“டாக்டரா அவனைப் பெத்தா? நாலு வாய் கஞ்சிடீ! வெறும் வயித்தோட கிடக்கான்!”

“சர்க்கரை போனா செத்துடுவான்.”

“கேட்டீங்களா! அம்மா கையால குடிச்சா செத்துடுவானாம்!” சென்சியா பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். பாத்திரம் கையில் ஆடிக் கஞ்சி அவள் விரல்மேல் வழிந்தது. சுட்டும் அவள் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. “சோறும் அளந்து போடறாளாம். இப்ப கஞ்சியும் கிடையாதாம். நாய்க்குக்கூட ஊத்துவோமேடி.”

“ஒரு டெக்ஸ்ட்ரோஸுக்காவது வழி பண்ணேன் இந்தாய். என்ன மனசு உனக்கு?” என்றாள் ஒருத்தி. அவள் கெட்டவள் இல்லை. போன வருஷம் லாலிங்குக்குக் காய்ச்சல் வந்தபோது உட்கார்ந்து துணி நனைத்துப் போட்டவள்.

இவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? அவளுக்கே முழுசாகப் புரியவில்லை. டாக்டர் சொன்ன சொல்லைத் தவிர அவள் கையில் வேறு எதுவும் இல்லை. அந்தச் சொல் பொய்யாக இருந்தால்? நாளைக்கு அவன் செத்துக் கிடந்தால், கடைசிக் கஞ்சியைத் தடுத்தவள் என்று இந்த ஐந்து வாயும் சொல்லும்.

உள்ளேயிருந்து சாந்தோ கூப்பிட்டான். “இந்தாய்… பசிக்குது. ரெண்டு வாய் குடேன்.”

சென்சியா ஓவென்று அழுதாள். லாலிங் வாசலில் கதவுக்கென்று தொங்கிய தகரத்தை இழுத்து, தாழ்ப்பாள் இல்லாததால் கொல்லையிலிருந்து தண்ணீர் டிரம்மை விளிம்பில் உருட்டிக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாள். வெளியே கை தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“குடுக்க மாட்டியா?”

“மாட்டேன்யா.”

“சரி,” என்றான். அவன் கண்ணோரம் நீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கப் பார்த்தான். பாதி எழுந்து, விழுந்தது. அவளே துடைத்துவிட்டாள்.

விழுந்த கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இறுக்கிப் பிடிக்கவில்லை. இறுக்கினால் நடுக்கம் தெரியாது. விரல் நுனிகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன. இந்த நடுக்கத்தை நிறுத்தத்தான் தண்ணீரை மறைத்தாள், மூத்திரத்தில் நனைக்க விட்டாள், கோவிலில் மெழுகுவத்தி கொளுத்தினாள். இப்போது குனிந்து அந்த விரல்களிடம் கெஞ்சினாள்: “நடுங்கு. நின்னுடாத. நடுங்கிட்டே இரு.”

தூரத்தில் ஆலை ரோட்டில் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. காலியாக வருகிற லாரியா, கரும்போடு போகிற லாரியா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தகரத்தில் சென்சியா தட்டிக்கொண்டே இருந்தாள். லாலிங் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உள்ளங்கையைக் கவனித்தாள். சுண்டுவிரல் அசையாமல் கிடந்தது. மற்ற நான்கும் நடுங்கின.